லாங் ஷாட் வேட்பாளர்: சொல்லும் பொருளும்

அமெரிக்க அதிபர் தேர்தல் வந்தால், தோற்பார் என்று தெரிந்தே களமிறங்குபவரை 'கறுப்புக் குதிரை' என்று எழுதிவிடுகிறார்கள். இதில் பிழை இரண்டு.

முதல் பிழை மொழிபெயர்ப்பில். 'டார்க் ஹார்ஸ்' என்பதில் 'டார்க்' நிறத்தைக் குறிக்கவில்லை. திறமை இன்னதென்று யாருக்கும் தெரியாத பந்தயக் குதிரை என்பதே பொருள். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான டிஸ்ரேலியின் 1831 நாவலில், யாரும் கணக்கில் கொள்ளாத குதிரையொன்று இந்தப் பெயரோடு வந்து ஜெயிக்கிறது. அரசியலில் இதற்கு அசல் உதாரணம், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜேம்ஸ் போல்க். 1844 ஜனநாயகக் கட்சி மாநாட்டில் முதல் ஏழு சுற்று வாக்கெடுப்பில் அவருக்கு ஒரு வாக்கும் இல்லை. ஒன்பதாவது சுற்றில் அவரே வேட்பாளர்.

இரண்டாவது பிழை ஆளை மாற்றிச் சொல்வது. தோற்பார் என்று தெரிந்தே நிற்பவர் 'லாங் ஷாட்'. வெகு தொலைவிலிருந்து சுடுவது, பட்டால் பட்டதுதான் என்ற பொருளில் பிறந்து, பந்தயச் சூதாட்டத்துக்குப் போய், அங்கிருந்து அரசியலுக்கு வந்த சொல். டார்க் ஹார்ஸைப் பற்றி யாருக்கும் தெரியாது. லாங் ஷாட் பின்தங்கியிருப்பது எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

தெரிந்தும் ஏன் நிற்கிறார்? நுழைவது எளிது. கட்சியின் வேட்பாளரைத் தேர்வுசெய்ய நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடக்கும் உட்கட்சித் தேர்தலில் பெயர் இடம்பெற 1,000 டாலர் கட்டினால் போதும். இழப்பும் குறைவு: பதவிக்காலத்தின் நடுவில் இருக்கும் செனட்டர் தோற்றாலும் நாற்காலி அவருடையதுதான். கிடைப்பதோ பெரிது. சவுத் பெண்ட் என்ற சிறு நகரத்தின் மேயராக இருந்த பீட் புட்டிஜெஜ் 2020-இல் நின்றார். மறு ஆண்டே போக்குவரத்து அமைச்சர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் வந்த விவேக் ராமசாமி 2024 அயோவா மாநில உட்கட்சி வாக்கெடுப்பில் நான்காம் இடம் பிடித்து, அன்றிரவே விலகி டிரம்பை ஆதரித்தார். பிறகு ஒஹாயோ ஆளுநர் பதவிக்குக் குறிவைத்தார். நிஜமாகவே ஜெயித்து அதிபரானவரும் உண்டு. 1976 அயோவாவில் ஜிம்மி கார்ட்டர் பெற்றது சுமார் 28 சதவீதம். 'யாருக்கும் ஆதரவில்லை' என்றவர்கள் அதைவிட அதிகம். ஆனாலும் வேட்பாளர்களில் முதலிடம் அவருக்கு என்பதால் நாடு முழுக்கப் பெயர் பரவியது.

உண்மையான சோதனை விவாத மேடைதான். 2023 ஆகஸ்டில் மில்வாக்கியில் நடந்த குடியரசுக் கட்சியின் முதல் விவாதத்துக்குக் கருத்துக்கணிப்புகளில் 1 சதவீத ஆதரவும், 40,000 நன்கொடையாளர்களும் தேவைப்பட்டன. குறைந்தது 20 மாநிலங்களில் தலா 200 நன்கொடையாளர்களாவது இருக்க வேண்டியிருந்தது. அப்போது வடக்கு டகோட்டா ஆளுநராக இருந்த டக் பர்கம் 1 டாலர் தந்தவர்களுக்கு 20 டாலர் பரிசு அட்டை கொடுத்தார். ஒவ்வொரு ஆளுக்கும் 19 டாலர் கைநட்டம் என்றாலும் தொலைக்காட்சி மேடை கிடைத்தது. 2025-இல் டிரம்ப் அரசில் அரசு நிலங்களையும் இயற்கை வளங்களையும் கவனிக்கும் 'இன்டீரியர்' துறையின் அமைச்சரும் ஆனார்.

கவிழ்வது பெரும்பாலும் பணத்தில். மேடை இல்லையென்றால் நன்கொடை நிற்கும், நன்கொடை நின்றால் ஊழியர்கள் போய்விடுவார்கள். ஜனநாயகக் கட்சியில் இன்னொரு கத்தியும் உண்டு: மாநிலத்திலோ தொகுதியிலோ 15 சதவீதத்துக்குக் கீழே போனால் கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்கும் பிரதிநிதி ஒருவர்கூட அங்கே கிடைக்கமாட்டார். பத்து மாநிலங்களில் எல்லாத் தொகுதியிலும் 14 சதவீதம் வாங்கினாலும் கணக்கு பூஜ்யம்தான்.

தமிழில் லாங் ஷாட்டுக்கு 'வாய்ப்புக் குறைந்த வேட்பாளர்' போதும்; தலைப்புக்குச் சுருக்கம் வேண்டுமென்றால் 'அருவாய்ப்பு வேட்பாளர்' எனலாம். டார்க் ஹார்ஸுக்கு 'எதிர்பாரா வேட்பாளர்' பொருந்தும். 'டம்மி வேட்பாளர்' இரண்டுக்குமே ஆகாது: டம்மி இன்னொருவருக்காக நிற்பவர், லாங் ஷாட் தனக்காக நிற்பவர்.