215/45 ஆர் 17: டயர் அளவை மாற்றினால் கூடவே மாறுபவை

2012இல் வெளிவந்த டொயோட்டா 86 ஸ்போர்ட்ஸ் காரில் தொழிற்சாலையிலேயே பூட்டிக் கொடுத்த டயரின் அளவு 215/45 ஆர் 17. பின்சக்கரங்களால் ஓடும், ஏறக்குறைய 200 குதிரைத்திறன் கொண்ட காருக்கு இவ்வளவு ஒல்லியான டயரா என்று வாங்கியவர்கள் பலர் முதல் வேலையாக அதைக் கழற்றினார்கள். பொறியாளர்கள் அந்த அளவைத் தெரிந்தேதான் வைத்தார்கள். பிடிமானத்தின் எல்லை சாதாரண வேகத்திலேயே எட்ட வேண்டும், கார் நழுவத் தொடங்குவது ஓட்டுபவரின் கைக்குத் தெரிய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். டயரை மாற்றவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு எண்ணைத் தொட்டால் வேறு நான்கு எண்கள் கூடவே நகரும். அவற்றைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போக வேண்டும்.

215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது விகிதம்: பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 45 விழுக்காடு, அதாவது 96.75 மி.மீ. ஆர் என்பது ரேடியல் வகை டயரைக் குறிக்கும். 17 என்பது ரிம்மின், அதாவது டயரைப் பூட்டும் உலோகச் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில், 431.8 மி.மீ. மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவர்களைச் சேர்த்தால் முழுச் சக்கரத்தின் விட்டம் 625.3 மி.மீ. கியர் விகிதம், ஸ்பீடோமீட்டர், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நிற்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். எல்லாம் இந்த எண்ணை நம்பியே அமைக்கப்பட்டவை. ஆகவே ரிம் வளர்ந்தால் ரப்பர் குறைய வேண்டும். 215/40 ஆர் 18 என்றால் 629.2 மி.மீ.; வேறுபாடு 0.6 விழுக்காடுதான். அடுத்த தலைமுறை ஜி.ஆர். 86 காரின் 18 அங்குலச் சக்கரத்துக்கு டொயோட்டாவே தேர்ந்தெடுத்த அளவு அது.

விகிதத்தைத் தொடாமல் 17ஐ மட்டும் 18 ஆக்கினால் விட்டம் 650.7 மி.மீ. ஆகிவிடும், 4 விழுக்காடு கூடுதல். ஸ்பீடோமீட்டர் 100 காட்டிய அதே நிலையில் கார் முன்பைவிட 4 கிலோமீட்டர் வேகமாக ஓடும். உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டும்படிதான் ஸ்பீடோமீட்டரை அமைக்கிறார்கள். அந்தப் பாதுகாப்பு இடைவெளியை நாமே தின்றுவிடுகிறோம். இழுவையும் மந்தமாகும். அகலத்தை மட்டும் கூட்டினாலும் விகிதக் கணக்கால் உயரமும் கூடவே ஏறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அகல டயர் சாலையை அதிகப் பரப்பில் தொடும் என்பது பொதுவான நம்பிக்கை. அந்தப் பரப்பைப் பெருமளவு தீர்மானிப்பவை சக்கரத்தின் மேல் இறங்கும் எடையும் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தமும். இரண்டும் மாறாவிட்டால் பரப்பும் பெரிதாக மாறாது. அதன் வடிவம்தான் குட்டையாகவும் அகலமாகவும் ஆகிறது. பிறகு பிடிமானம் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு சுற்றிலும் வெப்பத்தையும் தேய்மானத்தையும் அதிக ரப்பர் பங்கிட்டுக்கொள்கிறது. அதனால் மென்மையான ரப்பரைப் பயன்படுத்த முடிகிறது. குட்டையான பக்கச்சுவர் குறைவாக வளைவதால் ஸ்டீயரிங்கின் சொல்லை டயர் உடனே கேட்கிறது. விலையும் உண்டு: மழையில் அகல டயர் அதிகத் தண்ணீரை ஒதுக்க வேண்டியிருப்பதால், குறைந்த வேகத்திலேயே நீரின் மேல் மிதக்கத் தொடங்கும். என்னைக் கேட்டால், அதே அளவில் நல்ல ரப்பர் கொண்ட டயரை வாங்குவதுதான் முதல் படி. 20 மி.மீ. அகலத்தைவிட அது தரும் மாற்றம் பெரும்பாலும் பெரிது.

அடுத்தது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்போடு (காரில் சக்கரத்தைப் பூட்டும் சுழலும் நடுப்பகுதி) பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் இருக்கிறது என்பதைச் சொல்லும் எண் இது. 86இன் ரிம் 7 அங்குல அகலம், ஆஃப்செட் 48. அதே ஆஃப்செட்டில் 8 அங்குல ரிம் போட்டால் உள்ளேயும் வெளியேயும் 12.7 மி.மீ. நீளும். உள்ளே ஷாக் அப்சார்பர் காத்திருக்கிறது. ஆஃப்செட்டை 35 ஆக்கினால் உள்விளிம்பு பழைய இடத்திலேயே நிற்கும், வெளிவிளிம்பு 25.7 மி.மீ. தள்ளி மட்கார்டை நெருங்கும். உரசலோடு விஷயம் முடிவதில்லை. ஸ்டீயரிங் திரும்பும் அச்சுக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் மாறிவிடுவதால், ஒரு பக்கச் சக்கரம் ஈரத்திலும் மறுபக்கம் காய்ந்த சாலையிலும் இருக்கும்போது பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் கையைப் பலமாக இழுக்கலாம். வீல் பேரிங்கின் மேல் விழும் சுமையும் மாறுகிறது.

போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் துல்லியமாகப் பொருந்தியாக வேண்டும், 100 மி.மீ. வட்டத்துக்குப் பதில் 114.3 வாங்கினால் சக்கரம் ஏறவே ஏறாது. ரிம்மின் நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் வளையம் போட்டுச் சரிசெய்யலாம்.

சுமைக் குறியீட்டை மட்டும் தயவுசெய்து படித்துப் பாருங்கள். 225/45 ஆர் 17 டயரில் வழக்கமாக 91 என்றிருக்கும்: ஒரு டயர் 615 கிலோ தாங்கும். அதற்கு மாற்றாகச் சொல்லப்படும் 225/40 ஆர் 18 சாதாரண வகையில் 88, அதாவது 560 கிலோதான். ரப்பரின் உயரம் குறையும்போது உள்ளே இருக்கும் காற்றும் குறைகிறது. எடையைத் தாங்குவது அந்தக் காற்றுதான். 92 குறியீடுள்ள கூடுதல் சுமை வகையைத் தேடி, அதற்குரிய கூடுதல் அழுத்தத்தில் காற்றடிக்க வேண்டும்.

எடையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. சக்கரம் முன்னே நகர்வதோடு சுழலவும் செய்கிறது. அதனால் அதன் வெளிவிளிம்பில் சேரும் ஒரு கிலோவை வேகமெடுக்க வைக்க, காருக்குள் வைத்த இரண்டு கிலோவுக்கு வேண்டிய ஆற்றல் தேவை. மேடுபள்ளத்தில் சக்கரத்தைச் சாலையோடு ஒட்டவைக்க ஷாக் அப்சார்பர் படும் பாடும் எடையோடு கூடுகிறது. ரிம் பெரிதாகும்போது உலோகம் விளிம்பை நோக்கி நகர்வதால், 18 அங்குலச் சக்கரம் பழையதைவிட எடை குறைவாக இருப்பது அரிது. ஜப்பானில் 86இன் கீழ்நிலை வகை ஒன்று 205/55 ஆர் 16 டயரோடு விற்கப்பட்டது, விட்டம் 631.9 மி.மீ. பிரேக் காலிப்பரில் (பிரேக் தட்டைக் கவ்வும் பாகம்) இடிக்காத, லேசான 16 அல்லது 17 அங்குல ரிம்மும் நல்ல டயரும் கிடைத்தால் நான் அதைத்தான் முதலில் பூட்டிப் பார்ப்பேன்.