ரெஸ்டோமொட்: மீட்டெடுத்ததா, புதுக்கியதா?

பழைய கார் விற்கிற விளம்பரங்களில் ‘ரெஸ்டோமொட்’ என்ற சொல் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. வெளியே பார்த்தால் அறுபது வருடத்துக்கு முந்தின உருவம். பொனற்றைத் திறந்தால் உள்ளே வேறு எஞ்சின், வேறு கியர்பொக்ஸ். சில்லுக்குள் டிஸ்க் பிரேக். இந்த மாதிரிக் காருக்கு இட்ட பெயர்தான் அது. ரெஸ்டொரேஷன், மொடிஃபிகேஷன் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் வாலை வெட்டிவிட்டுத் தலை இரண்டையும் ஒட்டியிருக்கிறார்கள். அமெரிக்கக் கார்ப் பிரியர்களிடம் புழங்கி, பிறகு எல்லா நாட்டுக்கும் போன சொல். கலிஃபோர்னியாவில் 2009இல் தொடங்கிய சிங்கர் நிறுவனம் (தையல் மெஷின் சிங்கர் அல்ல, இது வேறு) பழைய போர்ஷே 911 கார்களைப் பிரித்துப் புதிதாகப் பூட்டி விற்கத் தொடங்கியதிலிருந்து இந்த வேலைக்கு ஒரு பணக்காரக் களையும் வந்துவிட்டது.

சொல்லின் இரண்டு பாதிகளையும் தனித்தனியே பார்க்கலாம். ரெஸ்டோர் என்பதன் வேர் லத்தீனில் பழையபடி நிறுத்துவது, திரும்பக் கட்டுவது என்ற பொருள் உள்ள வினை. சாப்பாட்டுக் கடையைக் குறிக்கும் ரெஸ்டோரண்டும் அதே வேரில் வந்ததுதான். 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் உடம்பைத் தேற்றும் சூப்புக்கு அந்தப் பெயர் இருந்தது, அதை விற்ற கடைக்கும் அதுவே நிலைத்தது. மொடிஃபை கதை இன்னும் வேடிக்கை. அதன் முற்பகுதிக்கு லத்தீனில் ‘அளவு’ என்று பொருள். ஒன்றை அளவுக்குள் வைப்பது, மட்டுப்படுத்துவது என்பதுதான் பழைய கருத்து. நம் பொடியன்கள் மொடிஃபை பண்ணி ஏற்றுகிற சைலன்சரைக் கேட்டவர்களுக்கு இதை நம்புவது கஷ்டம்.

சரி, மட்டக்களப்புக்கு வருவோம். இங்குள்ள கராஜ்களில் ரெஸ்டோமொட் என்ற பேச்சே கிடையாது. ‘எஞ்சின் மாத்தின கார்’, ‘ஜப்பான் சாமான் போட்டது’, மிஞ்சிப்போனால் ‘மொடிஃபை’. கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் இதுதான். இந்தப் பேச்சில் இரண்டு சொற்கள் வாங்க வருகிறவனைக் குழப்பிவிடும். ஒன்று ‘ரீகண்டிஷன்’. ஆங்கிலத்தில் அது பிரித்து, தேய்ந்ததை மாற்றி, ஓவர்ஹோல் செய்ததைக் குறிக்கும். நம் நாட்டில் ஜப்பானில் ஓடிவிட்டுக் கப்பலில் வந்த எஞ்சினுக்கே அந்தப் பெயர். அதை யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். மற்றது ‘ஒரிஜினல்’. கல்லடிப் பக்கக் கராஜ் ஒன்றில் இப்படி ஒரு பேச்சை நீங்களும் கேட்கலாம்:

“எஞ்சின் ஒரிஜினலா பாஸ்?”

“ஒரிஜினல்தான் மனே. ஜப்பான் ஒரிஜினல். உள்ளூர்ல போர் பண்ணினதில்ல.”

போர் பண்ணுவது என்றால் தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து சரிசெய்வது. காரோ இங்கிலாந்து மொறிஸ் மைனர். பாஸ் பொய் சொல்லவில்லை. அவருக்கு ஒரிஜினல் என்றால் போலியில்லாத சாமான். கேட்டவருக்கு ஒரிஜினல் என்றால் காரோடு பிறந்த சாமான். (பாஸ் என்பதே ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். மேசன் பாஸ், தச்சு பாஸ், மோட்டார் பாஸ் என்று கைவேலைக்காரர் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது.)

மொறிஸ் மைனரையே உதாரணமாக வைத்துக்கொள்வோம், நம் பக்கம் மிஞ்சியிருக்கிற பழைய கார்களில் எல்லோருக்கும் தெரிந்த முகம் அதுதான். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமானது. முதலில் 918 சிசி சைட் வால்வ் எஞ்சின், 1952இலிருந்து ஒஸ்டினின் ஏ-சீரிஸ் என்ற குடும்பத்தின் 803 சிசி, 1956இல் 948, 1962இல் 1098. உற்பத்தி 1970களின் தொடக்கத்தில் நின்றுவிட்டது. இலங்கையிலோ அறுபதுகளில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுகிப்போனது. புதிய கார் கிடைக்காததால் இருந்த காரைத்தான் ஓட்டவேண்டும். 1977க்குப் பிறகு இறக்குமதிக் கதவு திறந்தபோது ஜப்பான் வாகனங்களும் அவற்றின் கழற்றின சாமான்களும் வந்து குவிந்தன. கொழும்பில் பழைய வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனால் டட்சன் சனி (நிசானின் Sunny கார்) எஞ்சின் கிடைக்கும். மைனருக்கு ஒரு கிராங் ஷாஃப்ட் (எஞ்சினுக்குள் சுழலும் பிரதான தண்டு) தேடி அலைவதைவிட அது லேசு. மேற்கே அழகுக்காகவும் வேகத்துக்காகவும் செய்தார்கள். இங்கே கார் ஓடவேண்டும் என்பதற்காகச் செய்தார்கள்.

இதில் ஒரு பழைய உறவும் உண்டு. நிசான் 1952இல் ஒஸ்டினோடு ஒப்பந்தம் போட்டு, ஒஸ்டின் ஏ40 காரையும் பிறகு ஏ50 கேம்பிரிட்ஜையும் ஜப்பானிலேயே செய்தது. அந்த ஏ50 எஞ்சினின் ஸ்ட்ரோக்கைக் குறைத்துத்தான் 1957இல் டட்சனுக்கு 1000 சிசி எஞ்சின் ஒன்றை உண்டாக்கினார்கள். ஆகவே நம்மூரில் ஒஸ்டினுக்குள் நிசான் எஞ்சின் ஏறியதை முழு அந்நியக் கலப்பு என்று சொல்லிவிட முடியாது. சனி காரின் ஏ12 எஞ்சின் 1171 சிசி; கிராங் ஷாஃப்டைத் தாங்க ஐந்து மெயின் பெயரிங். மைனரின் ஏ-சீரிஸுக்கு மூன்றே மூன்று. மஹியங்கனைப் பதினெட்டு வளைவில் ஏறும்போது அந்த வித்தியாசம் என்னவென்று தெரியும்.

‘எஞ்சின் மாத்தினது’ என்று இரண்டு சொல்லில் முடிந்துவிடுகிற வேலை உண்மையில் எஞ்சினோடு நிற்பதில்லை. மவுண்டிங் பொருந்தாது, புதிதாக வெட்டி ஒட்டவேண்டும். கியர்பொக்ஸ் நீளம் மாறுவதால் கியர் லீவர் வேறிடத்தில் தலைநீட்டும். தரைத் தகட்டை அறுக்கவேண்டும். கியர்பொக்ஸிலிருந்து பின் அச்சுக்கு ஓடும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கட்டையாக்கினால் திரும்ப பலன்ஸ் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் ஐம்பது கிலோமீற்றர் வேகத்திலேயே கார் நடுங்கும். ரேடியேற்றர், கிளச் இணைப்பு, ஸ்பீடோ கேபிள் எல்லாம் பின்னால் வரிசையாக வரும். பிரேக்கை மட்டும் பலர் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். 948 சிசி மைனரின் பிரேக் 37 குதிரைத்திறனுக்குக் கணக்குப் பார்த்துச் செய்தது; நாலு சில்லிலும் 7 அங்குல டிரம். பெரிய எஞ்சினை ஏற்றிவிட்டு அதே டிரம்மோடு கல்முனை வீதியில் இறக்குவது எனக்குச் சரியாகப்படவில்லை. எஞ்சினுக்கு முதல் முன் சில்லுக்கு டிஸ்க் பிரேக் என்பதுதான் என் கட்சி.

இன்னொன்று உப்பு. மைனருக்குத் தனியான செசி (அடிச்சட்டகம்) கிடையாது. பொடியும் (உடற்கூடு) தரையும் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பகுதியில்தான் பலம். கடற்காற்றும் வாவிக்காற்றும் முதலில் தின்பது அதைத்தான். மேலே பெயின்ற் பளபளக்கும். கீழே கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும். அதற்குள் பாரமான டீசல் எஞ்சினை இறக்கினால் கதவு மூடாது என்கிற நிலை வரும். டின்கர் வேலை (துருப்பிடித்த தகட்டைச் சீர்செய்வது) முடியாமல் எஞ்சின் வேலை தொடங்கக்கூடாது.

இனி தமிழ். எஞ்சின் என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்குப் பிறவி அறிவு, மதிநுட்பம் என்று பொருள். அந்த நுட்பத்தால் செய்த கருவிக்கும் அதே பெயர் ஆனது. பழைய ஆங்கிலத்தில் கோட்டையைத் தாக்கும் போர்க்கருவியும் எஞ்சின், விலங்கு பிடிக்கும் கண்ணியும் எஞ்சின். தமிழில் ‘பொறி’ என்ற சொல்லை எடுங்கள். சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டையின் காவலைச் சொல்லும்போது வளைவிற்பொறி என்கிறது. தானே வளைந்து அம்பு எய்யும் கருவி. சீவக சிந்தாமணியில் அரசி தப்பிப்போவது மயிற்பொறியில். எலி பிடிப்பதும் பொறி. ஐம்பொறி என்றால் அறிவின் வாசல்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகள் அறிவு, போர்க்கருவி, கண்ணி என்று ஒரே தடத்தில் நடந்திருக்கின்றன. பொறியியல், பொறியியலாளர் என்று நாம் நாள்தோறும் சொல்வதும் இந்தச் சொல்லின் பலத்தில்தான். 

‘எந்திரம்’ வடமொழி யந்திரத்திலிருந்து வந்தது என்றாலும் புதிசில்லை. புறநானூற்றிலேயே ‘கரும்பின் எந்திரம்’ வருகிறது, கரும்பு பிழியும் ஆலை. அம்பாறை ஹிங்குராணைச் சீனித் தொழிற்சாலையைப் பார்த்த நமக்கு அந்தச் சங்ககாலப் பொருள் எட்டாத தூரத்தில் இல்லை. பத்திரங்களில் ‘இயந்திர இலக்கம்’ என்று எழுதுவதும் இதன் வழிதான். எனவே எழுத்தில் பொறி, பத்திரத்தில் இயந்திரம், கராஜில் எஞ்சின். மூன்றும் இருந்துவிட்டுப் போகட்டும். காரை மகிழுந்து என்று மாற்றவும் எனக்கு அவசரமில்லை.

ரெஸ்டோமொட்டுக்கு வருவோம். ‘மீள்மாற்றம்’ என்று சொல்லலாமா? பழையபடி திரும்பிவிட்டது என்றுதான் கேட்பவர் நினைப்பார். ‘மீட்டுருவாக்கம்’ என்றால் இல்லாமல் போனதைத் திரும்ப உண்டாக்குவது. ‘புனரமைப்பு’ நம் நாட்டில் வீதிக்கும் குளத்துக்கும் போன சொல். அதைக் கேட்டால் முதலில் பெயர்ப்பலகைதான் ஞாபகம் வருகிறது. ‘நவீனமயமாக்கப்பட்ட தொன்மைச் சீருந்து’ என்று எழுதினால் வாசித்து முடிப்பதற்குள் காரை வேறொருவர் வாங்கிவிடுவார்.

என் விருப்பம் ‘புதுக்கு’ என்ற வினை. புதுக்குதல் என்றால் பழசைப் புதிதாக்குதல். கல்வெட்டுகளில் ‘புதுக்குப்புறம்’ என்றொரு சொல் உண்டு. கோயிலைப் பழுது பார்த்துப் புதுப்பிக்க விட்ட நிலத்துக்குப் பெயர் அது. பொருளும் பொருந்தும். கோயில் திருப்பணியில் மூலஸ்தானம் இருந்த இடத்திலேயே இருக்கும், ஓட்டுக்கூரை போய்க் கொங்கிறீற் மண்டபம் வரும். யாரும் அதை வேறு கோயில் என்று சொல்வதில்லை. காரிலும் உருவம் நிற்கிறது, உறுப்புகள் மாறுகின்றன. எனவே, பிறந்தபோது இருந்த எஞ்சின், நிறம், சாமான்களோடு திரும்பக் கொண்டுவந்ததை ‘மீட்டெடுத்த கார்’ என்போம். உருவத்தை வைத்துக்கொண்டு புது உறுப்பு ஏற்றியதைப் ‘புதுக்கிய கார்’ என்போம். வேறு ஒன்றும் செய்யாமல் எஞ்சினை மட்டும் மாற்றியிருந்தால் அது வெறும் எஞ்சின் மாற்றம். அதைப் புதுக்கியது என்று விலை ஏற்றக்கூடாது. ‘விண்டேஜ்’ என்ற சொல்லையும் இந்த இடத்தில் விட்டுவிடலாம். திராட்சை அறுவடையில் பிறந்த அந்தச் சொல் பிரிட்டிஷ் கணக்கில் 1919 முதல் 1930 வரை செய்த கார்களுக்கே உரியது. மைனர் அதில் சேராது.

எது எவ்வளவு மாறினால் கார் வேறாகிவிடும் என்பதற்கு வெளிநாடுகளில் கணக்கு உண்டு. சர்வதேசப் பழங்கார் சம்மேளனமான ஃபிவா, குறைந்தது 30 வயதும் வரலாற்றுக்குப் பொருந்திய நிலையும் வேண்டும் என்கிறது. புதுக்கிய கார் அங்கே தோற்றுவிடும். பிரிட்டனில் பதிவு இலக்கத்தைத் தக்கவைக்க ஒரு புள்ளிக் கணக்கு வைத்தார்கள். செசி அல்லது பொடிக்கு 5, ஸ்டியரிங், சஸ்பென்ஷன், அச்சுகள், கியர்பொக்ஸ் ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு 1. எட்டுப் புள்ளி தேவைப்பட்டது. எஞ்சின் என்றால் காரின் உயிர் என்று நாம் நினைக்கிறோம்; அவர்கள் கணக்கில் அதுதான் ஆகக் குறைந்த பங்கு. இலங்கையில் நிலைமை மறுபக்கம். பதிவுப் புத்தகத்தில் செசி இலக்கத்தோடு எஞ்சின் இலக்கமும் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்தவேண்டும். எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டைத் தொலைத்துவிட்டு, கார் விற்கிற அன்று தேடுகிறவர்கள்தான் அதிகம்.

விளம்பரம் எழுதும்போது ‘ரெஸ்டோமொட், ஃபுல் ஒரிஜினல்’ என்று போடுவதை நிறுத்திவிட்டு இப்படி எழுதலாம்: ‘1958 மொறிஸ் மைனர், புதுக்கியது. நிசான் ஏ12 எஞ்சினும் கியர்பொக்ஸும், புத்தகத்தில் பதிந்தது. முன் சில்லு டிஸ்க். நெகட்டிவ் ஏர்த்.’ கடைசி இரண்டு சொல்லையும் விடவேண்டாம். மைனர் பிறப்பில் பொசிட்டிவ் ஏர்த். பெற்றரியின் நேர்முனைதான் பொடியில் பூட்டியிருக்கும். பெற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் பழைய டைனமோவை எடுத்து அதற்குப் பதில் அல்டனேற்றர் போடும்போது அதைத் திருப்பிவிடுவார்கள். விவரம் தெரிந்த பாஸ் ஒருவர் ‘மைனர்தானே’ என்று பழைய ஞாபகத்தில் பெற்றரியைப் பூட்டினால், அல்டனேற்றரின் டயோட்டுகள் அந்த நிமிடமே எரிந்துபோகும்.