இம்ப்ரோவ்: எழுதி வைக்காத நகைச்சுவைக்குத் தமிழில் என்ன பெயர்?

எழுதி வைக்காமல் மேடையில் அந்த நேரத்திலேயே உருவாக்கி நடிக்கும் கலைக்குப் பெயரான 'இம்ப்ரோவ்' என்ற சொல்லை முதலில் 'இம்ப்ரூவ்' என்பதிலிருந்து பிரித்துவிடுவோம். காதில் கேட்க இரண்டும் ஒட்டிப்பிறந்தவை போல இருப்பதால், இம்ப்ரோவ் நகைச்சுவை என்றால் ஏதோ மேம்படுத்தப்பட்ட நகைச்சுவை என்று நினைத்துக்கொள்வது எளிது. உண்மையில் இரண்டுக்கும் வேர் வேறு. இம்ப்ரூவ் என்பது இலாபம் என்று பொருள்படும் ஒரு பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இம்ப்ரோவ் என்பதோ 'இம்ப்ரோவைஸ்' என்பதன் சுருக்கம். அதன் அடியில் இருப்பது 'இம்ப்ரோவிசுஸ்' என்ற லத்தீன் சொல்: 'இன்' என்றால் அல்லாத, 'ப்ரோ' என்றால் முன்னால், 'விசுஸ்' என்றால் காணப்பட்டது. ஆக, முன்கூட்டிக் காணப்படாதது. வேகம் என்ற பொருள் இந்தச் சொல்லுக்குள் எங்கேயும் இல்லை. இதை நினைவில் வையுங்கள், தமிழ்ச்சொல் தேடும்போது தேவைப்படும்.

லத்தீனிலிருந்து இத்தாலிக்குப் போன சொல், அங்கே நின்ற இடத்தில் கவி பாடுகிறவர்களுக்குப் பெயராயிற்று. அப்படிப் பாடிய கொரில்லா ஒலிம்பிகா என்ற பெண்கவிக்கு 1776-ல் ரோமில் முடிசூட்டியே விட்டார்கள். நாடகத்தில் இது இன்னும் பழையது. 16-ஆம் நூற்றாண்டிலேயே 'கொம்மேதியா தெல்லார்தே' குழுக்கள் கதையின் எலும்புக்கூட்டை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, வசனத்தை மேடையில் ஏறிய பிறகு பேசின.

இந்தச் சொல்லின் வேர்ப்பொருள் எவ்வளவு சரியானது என்பதை எனக்குப் புரிய வைத்தது பிரிட்டனின் தணிக்கைச் சட்டம்தான். அங்கே 1968 வரை எந்த நாடகமானாலும் அதன் எழுத்துப்பிரதியை முன்னதாகவே அரண்மனை அதிகாரியிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். முன்கூட்டிக் காண முடியாத நாடகத்தை எப்படிக் காட்டுவது? அங்கே இம்ப்ரோவ் கற்பித்த நாடக இயக்குநர் கீத் ஜான்ஸ்டன் தன் குழுவின் நிகழ்ச்சியைப் 'பயிற்சி வகுப்பு' என்ற பெயரில்தான் பார்வையாளர்கள் முன் நடத்த வேண்டியிருந்தது. பின்னால் கனடாவுக்குப் போன அவர், 1977-ல் கால்கரியில் 'தியேட்டர் ஸ்போர்ட்ஸ்' என்று இதை ஒரு போட்டி விளையாட்டாகவே மாற்றினார். அதே ஆண்டு கியூபெக்கில் இன்னொரு குழு பனி ஹாக்கி மைதானம் மாதிரி மேடை போட்டு, வீரர் உடை, நடுவர் எல்லாம் வைத்துப் பிரெஞ்சில் தொடங்கியது. சிகாகோவில் வயோலா ஸ்போலின் அதற்கு வெகுகாலம் முன்பே குழந்தைகளுக்காக நாடக விளையாட்டுகளை உருவாக்கியிருந்தார். அந்த விளையாட்டுகளில் வளர்ந்த அவர் மகன் பால் சில்ஸ், நண்பர்களோடு 1959-ல் 'செகண்ட் சிட்டி' என்ற இம்ப்ரோவ் நகைச்சுவை அரங்கைத் திறந்தார்.

இந்தக் கலைஞர்கள் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு: "ஆமாம், அப்புறம்…". ஒருவர் "டாக்டர், என் நிழலைக் காணோம்" என்கிறார். மற்றவர் "நான் டாக்டர் இல்லையே" என்றால் காட்சி அங்கேயே செத்துவிடும். "ஆமாம், காலையிலேயே அது இங்கே வந்துவிட்டது, உங்கள்மேல் ஏகப்பட்ட புகார் சொன்னது" என்றால் இருவருக்கும் போக ஒரு வழி பிறக்கிறது. சொன்னதை ஏற்றுக்கொள், அதன்மேல் ஒன்றைக் கட்டு. அவ்வளவுதான் விதி, ஆனால் பயத்தில் 'இல்லை' என்று சொல்லாமல் இருக்கப் பழகுவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும்.

வானொலியில் இதற்கு நெருங்கிய உறவு பிபிசியின் 'ஜஸ்ட் எ மினிட்', 1967 முதல். கொடுத்த தலைப்பில் ஒரு நிமிடம் தயங்காமல், சொன்னதையே சொல்லாமல், தலைப்பை விட்டு விலகாமல் பேச வேண்டும். முழு இம்ப்ரோவ் என்றால் 1988-ல் பிபிசி வானொலியில் ஆறே பகுதிகள் வந்து, அதே ஆண்டு சேனல் 4 தொலைக்காட்சிக்குத் தாவிய 'ஹூஸ் லைன் இஸ் இட் எனிவே'. 1998-ல் அமெரிக்காவுக்குப் போனது. மதிப்பெண் கொடுப்பார்கள், அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. ஜெர்மனியில் 2004-ல் தொடங்கிய 'ஷில்லர்ஷ்ட்ராசே'யில் நடிகரின் காதுக்குள் திடீரென்று ஒரு கட்டளை வரும், அதை அவர் காட்சிக்குள் நுழைத்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் 'தேங்க் காட் யூ ஆர் ஹியர்' 2006-ல் வந்தது. வேடம் போட்டு ஒரு கதவைத் திறந்து உள்ளே போகிற வரைக்கும் தான் யார், எங்கே இருக்கிறோம் என்பதே அந்த நடிகருக்குத் தெரியாது! 'முன் காணாதது' என்ற வேர்ப்பொருளை இதைவிடக் கச்சிதமாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை என்பேன்.

சரி, தமிழுக்கு வருவோம். 'ஆசு' என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. ஆசுகவி என்றால் கேட்ட மாத்திரத்தில் பாடுகிறவர். ஆனால் ஆசு என்பது விரைவு, அதுவும் தனியாள் திறமை. இம்ப்ரோவ் பெரும்பாலும் கூட்டு வேலை. 'சமயோசிதம்' பொதுவான ஒரு குணம், கலைவடிவத்தின் பெயராகாது. கச்சேரியில் அந்த நேரத்துக் கற்பனையில் பாடுவதைக் குறிக்கும் 'மனோதர்மம்' இசைக்கு மிக அழகாகப் பொருந்துகிறது, அங்கேயே இருக்கட்டும். 'உடனடி நகைச்சுவை' என்பதில் வேகம் மட்டும்தான் தெரிகிறது, உருவாக்கும் செயல் தெரியவில்லை.

நான் முன்வைக்கும் சொல் 'உடன்புனைவு'. புனைவு நமக்குத் தெரிந்ததே. 'உடன்' என்பதில்தான் எனக்கு ஆசை. உடனே என்கிறபோது அது காலத்தைக் குறிக்கிறது, உடன்பிறப்பு என்கிறபோது கூட இருப்பதைக் குறிக்கிறது, உடன்படு என்கிறபோது ஒப்புக்கொள்வதைக் குறிக்கிறது. அந்த "ஆமாம், அப்புறம்" முழுக்க இந்த மூன்றெழுத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. லத்தீன் சொல்லில் இல்லாத கூட்டுறவு தமிழ்ச்சொல்லில் தானாக வந்து சேர்கிறது. 'முன் காணாதது' என்ற நேர்ப்பொருள் கொஞ்சம் பின்னால் போகிறது, உண்மைதான். அதை இழக்க நான் தயார்.

உடன்புனைவு நாடகம், உடன்புனைவு நகைச்சுவை, உடன்புனைவர் என்று தடங்கலில்லாமல் நீட்டலாம். எழுதி மனப்பாடம் செய்து தனியாக நின்று பேசும் ஸ்டாண்டப்புக்கு மட்டும் இதைப் போடாதீர்கள். எழுதிய வசனத்துக்கு நடுவே நடிகர் சேர்க்கும் ஒற்றை வரிக்கும் வேண்டாம், அதற்குச் 'சொந்த வசனம்' என்றாலே போதும். ஆனால் 2000-த்திலிருந்து 2024 வரை வந்த 'கர்ப் யுவர் என்தூசியாசம்' போல, கதைச்சுருக்கத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நடிகர்களே வசனத்தைப் பேசிப் பேசி உருவாக்கும் தொடர்களுக்குத் தாராளமாகப் போடலாம்.