அனிகட்: ஸ்கிராபிள் பலகையில் ஓர் அணைக்கட்டு

மதுரையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எழுத்துக் கட்டைகளை அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அக்கா மகள் கையில் ஏ, சி, ஐ, என், எஸ், டி, யு என்று ஏழு கட்டைகள். மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்துவிட்டு, "இதை வெச்சு ஒண்ணும் வராது மாமா" என்றாள். வரும். அதுவும் ஆங்கிலத்துக்குப் போன நம் வீட்டுச் சொல்லே வரும்: அனிகட்ஸ் (anicuts).

அனிகட் என்றால் ஆற்றின் குறுக்கே கட்டிய தாழ்வான அணை. நீரை மாதக்கணக்கில் தேக்கி வைப்பது அதன் வேலை இல்லை. நீர்மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி வாய்க்காலுக்குத் திருப்பிவிடும். மிச்சம் அதன் தலைக்கு மேல் வழிந்து ஆற்றிலேயே போகும். தண்ணீர் அப்படி வழிவதைப் பார்க்க வேண்டுமென்றால் வைகையில் வெள்ளம் வரும்போது ஏ.வி. பாலத்துப் பக்கம் போய் நிற்கலாம். அங்குள்ள தடுப்பணையின் மேல் தண்ணீர் கண்ணாடித் தகடு மாதிரி வழுக்கிக்கொண்டு வந்து, கீழே விழுந்த பிறகுதான் நுரைக்கும்.

சொல்லின் பிறப்பைத் தேட வேண்டியதே இல்லை, நம் அணைக்கட்டுதான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். 1836-இல் ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் அணைகள் கட்டத் தொடங்கியபோது மேலணை 'அப்பர் அனிகட்' ஆயிற்று, கீழணை 'லோயர் அனிகட்' ஆயிற்று. கல்லணைக்கு ஏற்கெனவே 'கிராண்ட் அனிகட்' என்று பெயர். பிறகு அவர் கோதாவரிக்குப் போக, சொல்லும் கூடவே போனது. 1886-இல் வந்த, ஆங்கிலத்தில் கலந்த இந்தியச் சொற்களுக்கான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இதைத் தமிழ்ச் சொல் என்றே பதிவு செய்திருக்கிறது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அந்தக் கடைசி அசை. ஆங்கிலக் கண்ணுக்கு அது 'கட்', அதாவது வெட்டு. வெட்டிய வாய்க்காலுக்கும் அவர்கள் 'கட்' என்பார்கள். நமக்கோ அது கட்டு. அவிழ்ந்து ஓடுவதைப் பிடித்துக் கட்டுவது. முன்னால் நிற்கும் 'அணை'யிலும் குழந்தையை அணைத்துக்கொள்கிற சொல்லே கேட்கிறது. கட்டுவதற்கு வைத்த பெயர், எழுத்து மாறியதும் வெட்டுவது போல ஆகிவிட்டது.

சரி, அனிகட்டைத் தமிழில் எப்படி எழுதுவது? இன்று அணைக்கட்டு என்றதும் 1959-இல் திறந்த வைகை அணை மாதிரி பெரிய நீர்த்தேக்கம்தான் நினைவுக்கு வரும். தடுப்பணை என்றால் நீரை நிறுத்தி நிலத்தடிக்கு இறக்குவது. கதவு வைத்தால் கதவணை. என்னைக் கேட்டால் வெறும் 'அணை' போதும். பெரியாறு பிரதானக் கால்வாய் பிரிகிற இடத்துக்கு நம் பக்கத்து விவசாயிகள் சொல்லும் பெயர் பேரணை. எவ்வளவு கச்சிதம்! இதையெல்லாம் விட்டுவிட்டு 'கிராண்ட் அனிகட் கால்வாய்' என்று தமிழிலேயே அச்சடிப்பதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. கல்லணைக் கால்வாய் என்று எழுதலாம். தஞ்சாவூர்க்காரர்கள் அதைப் புது ஆறு என்றே கூப்பிடுகிறார்கள்.

ஆட்டத்துக்கு வருவோம். ஸ்கிராபிளில் செல்லும் சொற்களின் காலின்ஸ் பட்டியலில் இந்தச் சொல் இருக்கிறது. எஸ் சேர்த்தால் எழுத்துகளுக்கு 9 புள்ளிதான், ஆனால் ஏழு கட்டையும் ஒரே மூச்சில் இறங்குவதால் கூடுதலாக 50, ஆக 59. இரண்டு 'என்' போட்டும் (annicut) எழுதலாம், அதுவும் செல்லும். அப்போது எஸ் இல்லாமலே ஏழு எழுத்து.