வில்லன்: பண்ணையாள் கொடியவனான கதை

பேட்மேன் என்ற நாயகனின் கதைகளில் அவனுக்கு எதிரியாக வரும் ஜோக்கராகப் புதிதாக ஒருவர் நடித்து ஒரு படம் வந்துவிட்டால், பெங்களூரு அல்சூர்ப் பக்கத்துத் தமிழ் இளைஞர்களிடையே "வில்லன்னா இவன்தான்யா" என்று ஒரு கட்சியும், "ஹீத் லெட்ஜர் மாதிரி வருமா?" என்று முன்பு ஜோக்கராக நடித்தவரை நினைவூட்டி மறு கட்சியும் எழுவது வழக்கம். இரு கட்சியினருமே வில்லன் என்பதைப் பிறந்த வீட்டுச் சொல் போலத்தான் ஆளுகிறார்கள். இறுதியிலுள்ள 'அன்' தமிழ் ஆண்பால் விகுதியைப் போல ஒலிப்பதே அந்த உரிமைக்குக் காரணம்.

உண்மையில் இது ஆங்கிலம் வழியாக வந்தது. இலத்தீனில் வில்லா என்றால் நாட்டுப்புறப் பண்ணை வீடு. அதைச் சார்ந்து உழைத்தவன் இடைக்கால இலத்தீனில் வில்லானுஸ். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்த இச்சொல், பண்ணையாளை நயமற்றவன் என்று இகழ்ந்த மேட்டுக்குடியினர் வாயில் கீழ்க்குணத்தான், கொடியவன் என்று படிப்படியாகத் திரிந்து, 19ஆம் நூற்றாண்டில் கதையிலும் நாடகத்திலும் தீய பாத்திரத்தின் பெயராக நிலைத்தது. உழுதவனைக் கொடியவனாக்கிய சொல் என்பதை எண்ணும்போது சற்றே உறுத்துகிறது.

தமிழுக்கு வந்தபின், கள்ளன்–கள்ளி போல வில்லன்–வில்லி என்று பெண்பாலும், வில்லத்தனம் என்று பண்புப்பெயரும் கிளைத்தன. வில்லவன் என்பது விற்கொடி கொண்ட சேரனையும், வில்லி என்பது வில்லாளியையும் முன்பே குறித்திருப்பதால், வில்லனை வில்லோடு முடிச்சுப் போடுவாரும் உண்டு. அது ஒலி ஒப்புமை மட்டுமே.

இதற்கு ஈடான தமிழ்ச் சொல் எது? இங்குள்ள கன்னட ஏடுகள் களநாயக என்றும், இந்தியில் கல்நாயக் என்றும் எழுதுவதில் உள்ள முதற்பகுதி, கொடியவன் எனப் பொருள்படும் வடசொல்லாகும். (அதே வடிவத்துக்கு நெற்களம் என்ற பொருளையும் வடமொழி அகராதிகள் தருவது வேடிக்கையான தற்செயல்.) தமிழில் பரவலாக எழுதப்படும் எதிர்நாயகன், வடமொழி நாடக நூல்களின் பிரதிநாயகனை ஒத்த ஆக்கம். கதையில் ஒருவன் வகிக்கும் இடத்தை இது துல்லியமாகச் சுட்டுகிறது. ஆனால் 2019இல் வாக்கீன் ஃபீனிக்ஸ் நடித்த படத்தைப் போல, பேட்மேனே எதிரில் வராமல் ஜோக்கரே கதைத்தலைவனாகிவிட்டால், அவன் எந்த நாயகனுக்கு எதிர்? அங்கே இச்சொல் தடுமாறுகிறது.

குணத்தைச் சுட்டக் கயவன் இருக்கிறது. 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009இல் அல்சூர் ஏரிக்கரையில் திறக்கப்பட்ட சிலைக்குரிய வள்ளுவர், 108ஆம் அதிகாரத்தை இதற்கே ஒதுக்கி, "மக்களே போல்வர் கயவர்" என்று தொடங்குகிறார். கயவர் உருவத்தில் முற்றிலும் மனிதரைப் போலவே இருப்பர் என்பதே அதன் கருத்து. 2006இல் ஜோக்கர் வேடத்துக்கு லெட்ஜரைத் தேர்ந்தெடுத்தபோது முகம் சுளித்த ரசிகர்களே 2008இல் படத்தைப் பார்த்து வியந்து நின்றதற்கும், மறைவுக்குப் பின் 2009இல் அவருக்கு ஆஸ்கர் கிடைத்ததற்கும், சாயம் பூசிய முகத்துக்குள் நம்பத்தக்க ஒரு மனிதனை அவர் காட்டியதே காரணம் என்பது என் எண்ணம்.

ஆகவே, கதையமைப்பைப் பேசுமிடத்தில் எதிர்நாயகன் என்றும், நடிப்பில் வெளிப்படும் குணத்தைப் பேசுமிடத்தில் கயவன், கயமை என்றும் எழுதுவது பொருந்தும். புதிய ஜோக்கரைப் பார்த்துவிட்டு "வில்லத்தனம் பத்தல" என்று ரசிகர் குறைப்பட்டால், விமர்சகர் அதைக் 'கயமை போதவில்லை' என்று எழுதலாம்.