ஊசி இல்லாத கிளினிக் நாள்

அந்தத் தங்கச்சி கிளினிக் கார்டை ஒரு சீனிப் பையில் சுற்றி, மழைக்கு நனையாமல் இன்னொரு பைக்குள் போட்டு எடுத்து வந்திருந்தார். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட டிவிசன் ஒன்றிலிருந்து இறங்கி வந்தவர். அன்றைக்கு அவருக்கு அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். கார்டில் மூன்று மாதக் கருத்தடை ஊசிக்கான தேதி சரியாகவே இருந்தது. ஊசிதான் எங்களிடம் இல்லை. டொலர் இல்லாமல் இலங்கை முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்த 2022ஆம் ஆண்டு அது.

"ஊசி இல்லாட்டி ஆபரேசனே பண்ணிக்கவா மிஸ்?" என்று கேட்டார். வயது 26, ஒரே பிள்ளை.

மருத்துவமாதாக, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் லயமாக நடக்கிற எனக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று தெரியும். 1980களில் கருத்தடை ஆபரேசன் செய்துகொண்டவர்களுக்கு அரசு பணம் கொடுத்தது. தோட்டத்தில் பல வீடுகளில் அம்மாவுக்கும் அம்மாயிக்கும் தெரிந்த ஒரே வழி அதுதான். ஆபரேசன் தவறில்லை. பிள்ளை போதும் என்று தானாக முடிவெடுத்தவருக்கு நல்ல வழிதான். ஆனால் ஊசி தீர்ந்துபோனதற்காக எடுக்கிற முடிவு அவருடைய முடிவு ஆகாது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. குடும்பத் திட்டமிடலுக்கு வெளிநாட்டு உதவியில் மிகப் பெரிய பங்கு அமெரிக்காவுடையதாக இருந்தது, ஆண்டுக்கு சுமார் 60 கோடி டொலர். 2025இல் அது வெட்டப்பட்டது. அந்த உதவியைக் கொண்டுசேர்த்த யுஎஸ்எயிட் நிறுவனமே ஜூலை 1ஆம் தேதியோடு மூடப்பட்டது. ஏற்கெனவே வாங்கி பெல்ஜியத்துக் களஞ்சியத்தில் வைத்திருந்த 97 லட்சம் டொலர் பெறுமதியான கருத்தடைப் பொருட்களையும் எரித்துவிடப் போவதாக அறிவித்தார்கள். பெரும்பாலும் ஆபிரிக்கப் பெண்களுக்குப் போகவேண்டியவை அவை. அங்கேயும் ஒருத்தி கார்டோடு நின்றிருப்பாள். பிரித்தானியாவும் 2021இல் ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் கருத்தடைப் பொருள் திட்டத்துக்கான பணத்தை 85 சதவீதம் குறைத்தது.

நம் நாட்டில் இந்தச் சேவை வளர்ந்ததிலும் வெளி உதவிக்குப் பங்குண்டு. 1958இல் சுவீடனோடு செய்த ஒப்பந்தத்தில் தொடங்கியதை 1965இல் அரசு தன் தாய்-சேய் சேவைக்குள் எடுத்துக்கொண்டது. அதனால்தான் இன்று கிளினிக்கில் ஊசியும் மாத்திரையும் கருப்பையில் வைக்கும் லூப்பும் காசில்லாமல் கிடைக்கின்றன. வெளிப் பணம் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. நம் வரவு செலவுத் திட்டத்தில் இதற்கான பணம் தனியாக, வெட்டப்படாமல் இருக்கவேண்டும். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் ரோட்டைக் கேட்கிறோம், இதையும் கேளுங்கள்.

சரி, ஊசி இல்லை என்று சொன்னால் என்ன செய்வது? அப்படியே திரும்பிப் போய்விடாதீர்கள். வேறு என்ன இருக்கிறது என்று கேளுங்கள். மாத்திரை எல்லோருக்கும் ஒத்துவராது, பிரஷர் உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். லூப் பத்து வருடம் வரை இருக்கும், கையில் வைக்கும் குச்சி ஐந்து வருடம். வேண்டாம் என்றால் இரண்டையும் எடுத்துவிடலாம். எதுவும் முடிவாகும் வரை ஆணுறை. வீட்டுக்காரர் வெட்கப்பட்டால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசுகிறேன்.

அந்தத் தங்கச்சிக்கு அன்றைக்கு ஆணுறைதான் கொடுத்து அனுப்பினேன். ஊசி வந்ததும், தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்து ஆயாவிடம் சொல்லி அனுப்பினேன். மறுநாளே வந்தார், அதே சீனிப் பையோடு.