.டர்பன் முகவரி தப்பில்லை, உங்கள் ஃபார்ம்தான் தப்பு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு அங்கிள், கடையின் பெயரிலேயே .டர்பன் (.durban) என்று முடியும் மின்னஞ்சல் வைத்திருக்கிறார். இணையத்தில் ஃபார்ம் நிரப்பி மண்டபம் பதிவு செய்யப் போனால் சிவப்பு எழுத்தில் 'செல்லாத முகவரி' என்று வருகிறது. போன் போட்டுக் கேட்டதற்கு, "ஒரு ஜிமெயில் தொடங்கிக்கோங்க அங்கிள்" என்று பதில். இந்த மாதிரிப் புகார் வந்துகொண்டே இருக்கிறது, எனக்கு அலுத்துவிட்டது.

அந்த ஃபார்மின் நிரலைத் திறந்து, முகவரியின் வடிவத்தைச் சோதிக்கும் விதியை ('ரெஜெக்ஸ்' என்பார்கள்) பார்த்தேன். நினைத்ததுதான். கடைசிப் புள்ளிக்கு அப்புறம் 2 முதல் 4 எழுத்துதான் வரலாமாம். எந்தக் காலத்துச் சரக்கு இது! .மியூசியம் 2001-லேயே வந்தாச்சு, நம்ம .டர்பன், .ஜோபர்க், .கேப்டவுன் எல்லாம் 2014-இல். @-க்கு முன்னால் பிளஸ் குறி இருந்தாலும் அதே ரெஜெக்ஸ் விரட்டிவிடுகிறது, அதுவும் முறையான முகவரிதான்.

இதைவிட எரிச்சல், ரெஜெக்ஸ் பாஸ் ஆகிவிட்டால் முகவரி நிஜம் என்று நம்புவது. இல்லை, இல்லவே இல்லை. கோவெண்டர் என்ற பெயரை ஆங்கிலத்தில் அடிக்கும்போது 'இ' வர வேண்டிய இடத்தில் 'ஓ' விழுந்தால் வடிவத்தில் ஒரு குறையும் தெரியாது, ஆனால் மெயில் வேறு யாருக்கோ போய்விடும். டர்பனில் கோவெண்டருக்கா பஞ்சம்? உள்ளே இருப்பது சம்பளச் சீட்டோ ரத்தப் பரிசோதனை முடிவோ என்றால், 'போப்பியா' என்ற தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், 2021 ஜூலையிலிருந்து அது சும்மா பேச்சில்லை. எவ்வளவு நீளமான ரெஜெக்ஸ் எழுதினாலும் அது எழுத்தைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது. முகவரி இவருடையதுதானா என்று தெரிய, அதற்கு ஒரு மெயில் அனுப்பி உள்ளே இருக்கும் லிங்கை அவரையே அழுத்தச் சொல்லுங்கள். வேறு வழி கிடையாது.

சரி, ஃபார்மில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். @ இருக்கிறதா, அதன் இரண்டு பக்கமும் ஏதாவது இருக்கிறதா, மொத்தம் 254 எழுத்துக்குள் அடங்குகிறதா, போதும். பிரவுசரில் பார்த்ததைச் சர்வரிலும் ஒருமுறை பாருங்கள். போன் கீபோர்டு கடைசியில் தானாகச் சேர்க்கும் இடைவெளியை நீங்களே வெட்டிவிடுங்கள், அதற்காக அங்கிளைத் திட்டாதீர்கள். ஜிமெயிலை யாராவது 'ஜிமியல்' என்று அடித்தால் "இதையா சொன்னீங்க?" என்று கேளுங்கள், கேட்காமல் மாற்றிவிடாதீர்கள். 'மறுபடி அடிக்கவும்' பெட்டியில் பேஸ்ட் செய்ய விடாத புண்ணியவான்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். லிங்கை அழுத்தும் வரை அந்த முகவரிக்கு பில், ரிப்போர்ட் எதுவும் போகக் கூடாது. அப்புறம், ஒரு .டர்பன் முகவரியும் பிளஸ் குறி உள்ள ஒன்றும் போட்டுப் பாருங்கள், இரண்டும் உள்ளே போகும் வரை ஃபார்மை வெளியே விடாதீர்கள்.